குளிக்கிற தண்ணியில் பூக்கும் கல்வாழை



ரயில்வே ஸ்டேஷனிலும் பார்க்கிலும் சிவப்பு, மஞ்சளில் பெரிய பெரிய பூவாகப் பூத்து நிற்குமே, அதுதான் கல்வாழை. பேரில் வாழை இருக்கே தவிர தார் போடாது! இதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் இதழே இல்லை. மகரந்தத்தாள்கள்தான் அப்படி அகலமாகி இருக்கின்றன. அசல் இதழ்கள் அடியில் சின்னதாக ஒளிந்திருக்கும்.

ஆனால் நான் எழுத வந்தது அழகைப் பற்றி இல்லை, சாக்கடையைப் பற்றி. கும்மிடிப்பூண்டி பக்கம் எங்கள் தெருவில் கால்வாய் கிடையாது. குளிக்கிற தண்ணி, துணி துவைக்கிற தண்ணி எல்லாம் பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்கும். இதனாலேயே அம்மாவும் அந்த வீட்டு அக்காவும் ஆறு மாசம் பேசிக்கொள்ளவில்லை. டெங்கு கொசு நல்ல தண்ணியில் முட்டையிடும். இந்த மாதிரி அழுக்குத் தண்ணியில் பெருகுவது கியூலெக்ஸ் கொசு. யானைக்கால் நோயைப் பரப்புவது அதுதான்.

சென்னையில் இந்துகாந்த் ராகடே என்ற வேதியியல் அறிஞர், குளியல் தண்ணியைக் கல்வாழை போன்ற செடிகளுக்கு விட்டுச் சுத்தம் செய்து மறுபடி நிலத்துக்குள் இறக்கலாம் என்று பலருக்கும் சொல்லிக் கொடுத்தார். கல்வாழையின் வேர் ஈரத்திலேயே இருந்தாலும் அழுகாது. வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிரிகள் அழுக்கைச் சிதைக்கும், அதில் வரும் சத்தைச் செடி எடுத்துக்கொள்ளும்.

நாங்கள் செய்தது இதுதான். தண்ணி விழுகிற இடத்தில் இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குப் பள்ளம். அடியில் உடைந்த செங்கல், மேலே மணலும் மண்ணும். ஒன்றிரண்டு முளை இருக்கிற மாதிரி கிழங்கை வெட்டி, முளை மேலே பார்க்க, நாலு விரல் ஆழத்தில், ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டோம். வெயில் நன்றாக வேண்டும், நிழலில் இலைதான் வரும், பூ வராது. பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது, அதை அடியோடு வெட்டிவிட்டால் பக்கத்தில் புதுசு கிளம்பும். இலையைச் சுருட்டிக்கொண்டு புழு உள்ளே இருக்கும், அதைக் கையாலேயே எடுத்துவிடலாம். ஒரு வருஷத்தில் புதர் அடைத்துக்கொள்ளும். அப்போது தோண்டிப் பிரித்து வேறு இடத்தில் நடலாம்.

விதையிலும் வளர்க்கலாம், ஆனால் அது கல் மாதிரி கெட்டி. உள்ளே வெள்ளை தெரியும்வரை கல்லில் உரசி, ராத்திரி முழுக்க ஊறப் போடணும். அர்ஜென்டினாவில் ஒரு பழைய கல்லறையில் கிடைத்த கிலுகிலுப்பைக்குள் சுமார் 600 வருஷப் பழைய கல்வாழை விதை இருந்ததாம், அதுவே முளைத்துவிட்டது! இருந்தாலும் அதே நிறப் பூ வேண்டுமென்றால் கிழங்குதான் சரி.

ஒன்று கவனம். கக்கூஸ் தண்ணியை இதில் விடக்கூடாது. கம்பெனி ரசாயனத் தண்ணியையும் இது சரி செய்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

நம் பள்ளியில் சாப்பிட்டுத் தட்டு கழுவுகிற குழாயடியிலும் தண்ணி தேங்கித்தான் நிற்கிறது. சோற்றுப் பருக்கையை வடிகட்டிவிட்டால் அங்கேயும் பத்துக் கிழங்கு நடலாம். தலைமை ஆசிரியர் அனுமதி தரணும். எங்கள் வீட்டில் சிவப்பும் மஞ்சளும் இருக்கு. வேண்டுபவர்கள் என் வகுப்பில் வந்து சொல்லுங்கள், கிழங்கு கொண்டு வருகிறேன். பக்கத்து வீட்டு அக்கா ஏற்கெனவே நாலு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி