‘போதும்’ என்று சொல்பவர் யார்?

‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் திருப்தி, நிறைவு, மனநிறைவு ஆகிய சொற்களால் தமிழில் வழங்குவது வழக்கம். இம்மூன்றும் மனத்தின் நிலையைச் சுட்டுவதால், அந்த ஆங்கிலச் சொல்லும் ஓர் உணர்ச்சியின் பெயரே என்ற எண்ணம் எளிதில் ஏற்பட்டுவிடுகிறது. ஆனால் அது ஆங்கிலத்தில் நுழைந்தபோது குறித்தது உணர்ச்சியை அன்று, ஒரு செயலை. பட்ட கடனையோ செய்த பிழையையோ ஈடுசெய்து, எதிரே இருப்பவர் ‘போதும்’ என்று ஏற்றுக்கொள்ளச் செய்வதே அதன் முதற்பொருள். அந்தப் ‘போதும்’ யாருடைய வாயிலிருந்து வர வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறியதே இச்சொல்லின் வரலாறு.

இலத்தீன் மொழியில் ‘சாட்டிஸ்’ என்றால் போதுமான அளவு, ‘ஃபாக்கெரே’ என்றால் செய்தல். இவ்விரண்டும் சேர்ந்து பிறந்த சொல் பழைய ஃபிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. சொத்தைக் குறிக்கும் ‘அசெட்’ என்ற சொல்லும் இதே வேரைச் சேர்ந்தது. இறந்தவரின் கடன்களை அடைக்கப் போதுமான உடைமை என்பதே சட்ட வழக்கில் அதன் தொடக்கப் பொருளாக இருந்தது. துயரத்தைக் குறிக்கும் ‘சேட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இக்குடும்பத்துக்குத் தூரத்து உறவு என்பது வியப்பளிக்கலாம். பழைய ஆங்கிலத்தில் வயிறு நிறைந்தவர், தெவிட்டியவர் என்ற பொருளில் வழங்கிய அச்சொல், பின்னர் சலிப்பையும் கனத்த மனத்தையும் குறித்து, இறுதியில் துயரத்தில் வந்து நின்றது.

இச்சொல் முதலில் செல்வாக்குப் பெற்ற இடம் கிறித்தவத் திருச்சபை. செய்த பாவத்துக்கு மனம் வருந்துதல், அதைக் குருவானவரிடம் அறிக்கையிடுதல், அவர் விதிக்கும் பரிகாரத்தைச் செய்துமுடித்தல் ஆகியவை பாவமன்னிப்புக்கு வேண்டியவை எனக் கத்தோலிக்கத் திருச்சபை வகுத்தது. மூன்றாவதாகிய பரிகாரத்துக்கே ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ என்று பெயர். மனித குலத்தின் பாவத்துக்குக் கிறிஸ்துவே ஈடு செலுத்தினார் என்று 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேன்டர்பரி பேராயர் அன்செல்ம் முன்வைத்த கோட்பாடும் இப்பெயராலேயே அறியப்படுகிறது. பரிகாரம் போதுமா என்பதை முடிவு செய்யும் உரிமை அதைச் செய்பவரிடம் இல்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

சட்டத்தில் அந்த உரிமை கடன் கொடுத்தவரிடம் செல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, வாக்குறுதி பெற்றவர் அது முழுமையாக நிறைவேறுவதற்குப் பதிலாகத் தமக்குத் தகுந்ததாகத் தோன்றும் வேறோர் ஈட்டை (‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’) ஏற்கலாம் என்று கூறி, அதற்கு எடுத்துக்காட்டும் தருகிறது: 5,000 ரூபாய் கடன்பட்டவர் 2,000 ரூபாயைச் செலுத்த, கொடுத்தவர் அதை முழுக் கடனுக்கும் ஈடாக ஏற்றுக்கொண்டால் கடன் தீர்ந்தது. மீதி 3,000 ரூபாயை இழந்தவருக்கு உள்ளத்தில் மகிழ்ச்சி இருந்ததா என்று சட்டம் கேட்பதில்லை. ஒரு நிறுவனம் அடமானக் கடனை அடைத்தபின் நிறுவனப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டிய அறிவிப்பிலும் இச்சொல் இடம்பெறுகிறது. அங்கும் அதன் பொருள் ‘கணக்கு முடிந்தது’ என்பதே.

பணத்தால் தீராத மானப் பிரச்சினைகளில் இதே சொல் துப்பாக்கியோடு வந்தது. அவமதிக்கப்பட்டதாகக் கருதிய கனவான் ஒருவர் எதிராளியிடம் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ கோரினால், அது இருவர் மட்டும் மோதும் சண்டைக்கு விடுக்கும் அழைப்பாகும். மதராஸ் ஆளுநராக இருந்த மெக்கார்ட்னி பிரபு, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூர்ப் போரில் ஒரு காலை இழந்த தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை 1783இல் பதவிநீக்கினார். அந்தப் பகை 1786இல் லண்டனில் துப்பாக்கிச் சண்டையாக மூண்டு, மெக்கார்ட்னி காயமடைந்தார்.

அதிகாரியின் மனநிலையைக் குறிக்கும் இன்னொரு பொருளும் உண்டு. குண்டர் சட்டம் என்று பரவலாக அறியப்படும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் ஒருவரைக் காவலில் வைக்க, அது அவசியம் என்று உத்தரவிடும் அதிகாரி ‘திருப்தி’ அடைய வேண்டும். ஆவணங்களைப் பார்த்து உறுதிப்பாட்டுக்கு வருதல் என்பது இதன் பொருள். ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கும் உயர் நீதிமன்றம் அதிகாரியின் முடிவுக்குப் பதிலாகத் தன் முடிவை வைப்பதில்லை. அவர் தொடர்புடைய ஆவணங்களைக் கருதிப் பார்த்தாரா, மனத்தைச் செலுத்தினாரா என்றே ஆராய்கிறது.

ஒருபொருட்சொற்களாக அகராதிகள் அடுக்கும் மற்றவையும் ஒன்றுக்கொன்று ஈடாவதில்லை. ‘கன்டென்ட்’ என்பது தனக்குள் அடங்கியிருத்தல் என்னும் இலத்தீன் கருத்திலிருந்து வந்தது. உள்ளதற்கு மேல் வேண்டாமை அதன் சாயல். சமூக ஊடகங்களில் புழங்கும் உள்ளடக்கத்தைக் குறிக்கும் சொல்லும் அதே வேரினது, அழுத்தம் விழும் அசைதான் வேறு. பிரிட்டிஷ் மேலவையான பிரபுக்கள் அவையில் தீர்மானத்தை ஆதரிப்பவர் ‘கன்டென்ட்’ என்றும் எதிர்ப்பவர் ‘நாட் கன்டென்ட்’ என்றும் சொல்லியே வாக்களிக்கின்றனர். ‘ஃபுல்ஃபில்மென்ட்’ நெடுநாள் நோக்கம் ஈடேறுவதையும், ‘கிராட்டிஃபிகேஷன்’ ஆசை உடனே தணிவதையும் குறிக்கும். இந்தியாவின் 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை கையூட்டைப் பின்னதன் பெயராலேயே அழைத்தது. ‘காம்பிளேசன்ஸி’ கண்டனச் சொல். போதாததையே போதுமெனக் கொண்டு முயற்சியைக் கைவிடும் மெத்தனம் அது.

20ஆம் நூற்றாண்டின் உளவியல், ‘போதும்’ என்று சொல்லும் உரிமையை முழுமையாகத் தனிமனிதரிடம் ஒப்படைத்தது. எட் டீனரும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் வெளியிட்ட வாழ்க்கை நிறைவு அளவுகோலில் ஐந்து கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இடுவதால் கூட்டுத்தொகை 5க்கும் 35க்கும் இடையில் அமையும். அக்கணத்து மகிழ்ச்சியை அன்றி, வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து அவரவர் வழங்கும் தீர்ப்பையே அது அளக்கிறது. பணியிடங்களை ஆராய்ந்த ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க், சம்பளம், நிர்வாக விதிகள், மேற்பார்வை ஆகியவற்றின் குறை அதிருப்தியைத் தருமே தவிர, அவற்றைச் சீர்செய்வதால் மட்டும் திருப்தி பிறப்பதில்லை என்றும், அது சாதனை, பாராட்டு, பொறுப்பு ஆகியவற்றிலிருந்து வருகிறது என்றும் 1959இல் வாதிட்டார்.

பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், 1956இல் இச்சொல்லோடு போதுமாதலைக் குறிக்கும் மற்றொரு சொல்லை இணைத்து ‘சாட்டிஸ்ஃபைஸ்’ என்ற சொல்லை வழங்கினார். வாடகைக்கு வீடு தேடுபவர் ஊரிலுள்ள எல்லா வீடுகளையும் பார்த்து மிகச் சிறந்ததைத் தேர்வதில்லை. மனத்தில் வைத்த குறைந்தபட்ச அளவை எட்டும் முதல் வீட்டோடு தேடலை நிறுத்திக்கொள்கிறார். வீடு எளிதில் கிடைத்தால் அந்த அளவு உயர்கிறது, அலைச்சல் நீண்டால் தாழ்கிறது. ஆகவே கருத்துக்கணிப்புப் படிவத்தில் இருவர் ஒரே எண்ணைக் குறித்தாலும், இருவரும் ஒரே அளவைக் கொண்டு அளந்தார்கள் என்று கொள்வதற்கில்லை. நெடுங்காலம் குறைவாகப் பெற்றுப் பழகியவர் இடும் உயர்ந்த மதிப்பெண், அவர் பெற்றதன் அளவைவிட அவர் எதிர்பார்ப்பு எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதையே காட்டக்கூடும்.