பழைய பிரித்தானிய மிதிவண்டிகளை அடையாளம் காணல்

பழைய பிரித்தானிய மிதிவண்டிகளை அடையாளம் காணல் என்பது, 20ஆம் நூற்றாண்டின் முதல் 70 ஆண்டுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு மிதிவண்டியின் தயாரிப்பாளர், தயாரிப்பு ஆண்டு, பின்னர் அதில் நிகழ்ந்த மாற்றங்கள் ஆகியவற்றை அதன் உறுப்புகளைக் கொண்டு தீர்மானிப்பதாகும். இவ்வண்டிகளின் முகப்பில் உள்ள வணிகச் சின்னமே முதலில் கண்ணில் படுகிறது. ஆயினும் தனித்து எடுத்துக்கொண்டால் மிகவும் ஏமாற்றக்கூடிய சான்றும் அதுவே.

சின்னமும் தயாரிப்பாளரும்

பிரித்தானிய மிதிவண்டித் தொழிலில் நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கியபோது, மக்களிடம் நற்பெயர் பெற்ற பழைய பெயர்கள் கைவிடப்படவில்லை. நாட்டிங்காம் நகரின் ராலே நிறுவனம் 1932இல் ஹம்பர் பெயரையும், 1943இல் ரட்ஜ்-விட்வொர்த்தையும், 1957இல் பி.எஸ்.ஏ.யின் மிதிவண்டிப் பிரிவையும் பெற்றுக்கொண்டது. 1960இல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமம் ராலேயைத் தன்வயப்படுத்தியது. அக்குழுமத்திடம் முன்பே இருந்த ஹெர்குலிஸ், பிலிப்ஸ் ஆகிய பெயர்களும் அப்போது ராலேயின் நிர்வாகத்தின் கீழ் வந்தன. எனவே கைச்சின்னம் பொறித்த 1950ஆம் ஆண்டின் ரட்ஜ் வண்டி, ரட்ஜின் பழைய ஊரான கவென்ட்ரியில் பிறந்ததன்று, நாட்டிங்காமில் பிறந்தது.

இந்தியாவில் இக்குழப்பம் மேலும் ஒரு படி செல்கிறது. டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவுடன் 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பட்டது. 1950களின் தொடக்கம் முதல் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகள் செய்யப்பட்டன. வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலே ஆலை இயங்கியது. ஆகவே, பாட்டனார் சீமையிலிருந்து வரவழைத்தது என்று ஒரு வீட்டில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் ஹெர்குலிஸ் வண்டி, அம்பத்தூரில் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். இரண்டும் தோற்றத்தில் பெரிதும் ஒத்தவை. சின்னத்திலும் உறுப்புகளிலும் தயாரிப்பு நாட்டைக் குறிக்கும் எழுத்துகள் உள்ளனவா என்று பார்ப்பதே இங்குச் செய்யவேண்டிய முதல் வேலை.

பற்சக்கரமும் மரைகளும்

சின்னம் இரண்டு ஆணிகளில் நிற்பது. எளிதில் கழன்றுவிடும், எளிதில் வேறொரு வண்டிக்கும் போய்விடும். சங்கிலியை இழுக்கும் பெரிய பற்சக்கரம் அவ்வளவு எளிதில் மாற்றப்படுவதில்லை. நல்வாய்ப்பாக, பல நிறுவனங்கள் தம் அடையாளத்தை அதிலேயே வெட்டியிருந்தன. ராலேயில் நாரைத் தலைகள், ஹம்பரில் வட்டமாக நிற்கும் மனித உருவங்கள், ரட்ஜில் விரித்த கை ஆகியவற்றைக் காணலாம். ஹம்பர் வண்டிகள் பலவற்றில் முன்கவையின் ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாய்களால் ஆனது. வண்ணம் முற்றிலும் உரிந்த நிலையிலும் இதனைத் தொலைவிலிருந்தே அறியலாம்.

மிதிக்கட்டைகளின் அச்சு சுழலும் கூட்டின் மரை இன்னும் உறுதியான சான்று. பிற பிரித்தானிய தயாரிப்பாளர்கள் ஓர் அங்குலத்துக்கு 24 மரைகள் வெட்ட, ராலே 26 மரைகள் வெட்டியது. மரை மானி ஒன்றை வைத்துப் பார்த்தால், வேறு பெயர் தாங்கிய சட்டகம் நாட்டிங்காமில் செய்யப்பட்டதா என்ற ஐயம் பெரும்பாலும் தீரும்.

ஆண்டைக் கணித்தல்

ஹப் எனப்படும் பின்சக்கரக் குடம் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் பல்வேகப் பற்சக்கர அமைப்பாக இருந்தால், அதன் வெளிக்கூட்டை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைக்கவேண்டும். 1936இல் அறிமுகமான ஏ.டபிள்யூ. என்னும் மூன்று வேகக் குடத்தில் அதன் குறியெழுத்துகளுடன் ஆண்டும் மாதமும் பொறிக்கப்பட்டன. 52, 5 என்று இருப்பின், அக்குடம் 1952 மே மாதத்தில் செய்யப்பட்டது.

குடத்தின் காலம் வண்டியின் காலமாகாது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். புதிய குடம் கடையிலோ கிடங்கிலோ சில மாதங்கள் காத்திருந்த பின்னரே வண்டியில் ஏறியிருக்கலாம். அதைவிட முக்கியமாக, சக்கரம் முழுவதுமே பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம். பிரித்தானிய வழக்கப்படி முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருக்கும். இரண்டிலும் 36 இருந்தால் சக்கரங்கள் ஐயத்துக்குரியவை. அவற்றிலுள்ள ஆண்டை வண்டிக்கு ஏற்றிச் சொல்லுதல் கூடாது.

வேறு சில குறிப்புகள் ஆண்டைத் தராவிடினும் எல்லையைத் தருகின்றன. ரெனால்ட்ஸ் 531 என்ற குழாய் 1935இல் வெளிவந்தது. அதன் ஒட்டுச்சின்னம் அசலாக உள்ள சட்டகம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. சற்று மஞ்சள் சாயல் காட்டும் நிக்கல் பூச்சு பெரும்பாலும் 1930க்கு முந்திய காலத்தைக் காட்டும். நீலச் சாயலுடன் பளிச்சிடும் குரோமியம் அதற்குப் பிந்தியது. கைப்பிடி, குடம் முதலியவை பூச்சின்றிக் கருவண்ணமாக இருப்பின், உலோகத் தட்டுப்பாடு நிலவிய இரண்டாம் உலகப்போர்க் கால வண்டியாக இருக்கக்கூடும்.

சட்டக எண்

இருக்கைத் தண்டு நுழையும் இணைப்பிலோ, அடிக்கூட்டின் கீழ்ப்புறத்திலோ, பின்சக்கரம் பொருந்தும் தகட்டிலோ இவ்வெண் அடிக்கப்பட்டிருக்கும். எண் கிடைத்தவுடன் ஆண்டும் கிடைத்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடைவர். பல நிறுவனங்களின் பதிவேடுகள் அழிந்துவிட்டன. ராலேயின் எண்வரிசையும் ஒரே ஒழுங்கில் ஏறிச்செல்வதன்று. 1955இல் தொடங்கப்பட்ட பழைய மிதிவண்டி ஆர்வலர் கழகம் போன்ற அமைப்புகளின் உறுப்பினர்கள், காலம் உறுதியான வண்டிகளின் எண்களைத் திரட்டி, அவற்றோடு ஒப்பிட்டே கணிக்கின்றனர். ஆதலால் எண்ணைப் படியெடுக்கும்போது முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளையும் விடாமல் குறிக்கவேண்டும்.

இவ்வெண் மீது பல அடுக்கு வண்ணம் படிந்திருப்பது வழக்கம். உப்புத்தாளோ சாணைக்கல்லோ கொண்டு தேய்த்தால் வண்ணத்தோடு எண்ணின் ஆழமற்ற கோடுகளும் போய்விடும். வண்ணம் கரைக்கும் நீர்மத்தைச் சிறிது தடவி, மரக்குச்சியால் மெல்லச் சுரண்டுவது பாதுகாப்பானது. புதுப்பிக்கும் ஆர்வத்தில் முழு வண்டிக்கும் வண்ணம் அடித்தவர்கள், தயாரிப்பிடமும் குழாயின் பெயரும் எழுதிய ஒட்டுச்சின்னங்களைத் தம் கையாலேயே அழித்திருக்கின்றனர். அவற்றை வண்ணம் நீக்குமுன் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்தல் நலம்.