தண்ணீர்க் கட்டணமும் நடுவு நிலைமையும்

ஜார்ஜ் டவுனில் ஒரே தெருவில் ஒரு குடியிருப்பு வீடும், ஓர் உணவுக்கடையும், ஒரு தங்கும் விடுதியும் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றுக்கும் வருவது ஒரே தண்ணீர். வீட்டுக்கு ஒரு விலை, வாணிகத்திற்கு வேறு விலை. ‘பொருள் ஒன்றாயிருக்க விலை இரண்டாவது முறையோ?’ என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை காணவேண்டுமாயின், நாம் எதற்கு விலை கொடுக்கிறோம் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மழை இலவசமாகப் பெய்கிறது. குழாய் அவ்வாறு வருவதில்லை. பினாங்கு மாநிலம் பயன்படுத்தும் நீரில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. பெருநிலத்திலே தூய்மை செய்த நீர் கடலடிக் குழாய்களின் வழியே தீவுக்கு வருகிறது. 1962இல் கட்டி முடித்த ஆயர் ஈத்தாம் அணை போன்றவை வறட்சிக்குக் காப்பாக நிற்கின்றன. நாம் ஒரு குடம் எடுத்தாலும் நூறு குடம் எடுத்தாலும், இவற்றைப் பேணும் செலவு பெரிதும் குறைவதில்லை. ஆதலின் அந்த நிலைச் செலவை யார் யார் எவ்வளவு சுமப்பது என்பதே கட்டணக் கணக்கின் உயிர்நாடி.

2024க்கு முன் பல ஆண்டுகள், வீடுகள் மாதந்தோறும் பயன்படுத்திய முதல் 35,000 லிட்டருக்குச் சராசரி விலை ஆயிரம் லிட்டருக்கு 32 காசாகவே இருந்தது. முழு அளவுக்கும் ஏறக்குறைய 11 வெள்ளிதான். ஏழைக்கு இது பேருதவி; ஆனால் செல்வர் வீட்டிற்கும் அதே சலுகை கிட்டிற்று. வீண் செலவைத் தடுக்க, 2010இல் 35,000 லிட்டருக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆயிரம் லிட்டருக்கும் 24 காசு கூடுதல் கட்டணம் விதிக்கப்பட்டது.

நோக்கம் நல்லதே. எனினும், நீர்மானி லிட்டரை எண்ணுமேயன்றி ஆட்களை எண்ணாது. ஒரு பழைய கடைவீட்டில் இரு குடும்பங்கள் ஒரே நீர்மானியின்கீழ் வாழ்வதாகக் கொள்வோம். குடும்பத்திற்கு 25,000 லிட்டராக மொத்தம் 50,000 லிட்டர். வரம்புக்கு மேற்பட்ட 15,000 லிட்டருக்கு அன்றைய கூடுதல் கட்டணம் 3 வெள்ளி 60 காசு. அதே அளவு நீரைத் தனி வீட்டில் பயன்படுத்தும் குடும்பத்திற்கோ கூடுதல் ஒன்றுமில்லை. சிக்கனமாக வாழ்ந்தும், சேர்ந்து வாழ்ந்த குற்றத்திற்காக ஏழை தண்டம் கட்டுகிறான்!

கழிவுநீர்க் கட்டணத்தில் சிக்கல் வேறு வகையினது. 1990களில் வகுத்த முறையில், வீடுகளுக்கு நிலையான மாதத் தொகை. வாணிக நிலையங்களுக்குக் கட்டடத்தின் ஆண்டு மதிப்பு. தொழிற்சாலைகளுக்குத் தொழிலாளர் எண்ணிக்கை ஆகியவை அடிப்படையாயின. சாதாரண வீட்டுக்கு 8 வெள்ளியாயிருந்த தொகை 2022 டிசம்பரில் 10 வெள்ளியாயிற்று. மலிவு விலை வீட்டிற்கு 2 வெள்ளியே நீடித்தது. நிலையான தொகை கணக்கிட எளிது. ஆயினும் தனியே வாழும் முதியவரும், பத்துப் பேர் வாழும் இல்லத்தாரும் ஒரே தொகை கட்ட நேர்கிறது.

தண்ணீரின் அளவையே கழிவுநீருக்கும் அளவுகோலாக்கினால் போதுமா? போதாது. பனிக்கட்டித் தொழிற்சாலை வாங்கும் நீரில் பெரும்பகுதி சரக்காக வெளியேறுகிறது, சாக்கடைக்குப் போவதில்லை. உணவுக்கடையின் நீரோ எண்ணெயும் கொழுப்பும் சுமந்து செல்கிறது. அளவு குறைவாயினும் அதனைத் தூய்மை செய்யும் செலவு மிகுதி. எனவே கழிவின் அளவோடு அதன் தன்மையையும் நோக்குதல் வேண்டும்.

2024 பிப்ரவரியில் தீபகற்ப மலேசியாவில் வீட்டுத் தண்ணீரின் விலை கன மீட்டருக்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்கு, சராசரி 22 காசு உயர்ந்தது. விலை ஏறும் காலத்திலேதான் பங்கீட்டின் குறை உறைக்கும். எல்லாருக்கும் விலையைத் தாழ்த்தி ஏழையைக் காப்பதினும், செலவுக்கேற்ற விலையை வைத்து, ஆள் எண்ணிக்கையும் வறுமையும் அறிந்து வேண்டியவர்க்கு வெளிப்படையாகச் சலுகை தருவதே சிறந்தது.

வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார். துலாக்கோல் இரு தட்டிலும் ஒரே எடையை வைப்பதன்று. எந்தத் தட்டில் எவ்வளவு சுமை என்பதை மறையாமல் காட்டுவது. தண்ணீர்க் கட்டணத்திற்கும் வேண்டுவது அதுவே.