பச்சையாகிவிட்டதா வீட்டு நீச்சல் குளம்? பாசியை விரட்ட 4 வழிகள்!

புதுக்கோட்டை வெயிலுக்கு, இரண்டு நாள் கவனிக்காமல் விட்டாலே வீட்டு நீச்சல் குளத்தில் பாசி பிடித்துவிடும். தண்ணீரில் குளோரின் குறைந்துவிட்டதற்கான அடையாளம் அது. 2024-ல் கோழிக்கோட்டில் குளத்தில் குளித்த சிறுவனின் உயிரைப் பறித்த அமீபாவும், குளோரின் இல்லாத வெதுவெதுப்பான தண்ணீரில்தான் பெருகும்.

1. சுவர், படி, மூலைகளை நைலான் பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். வழவழப்பான படலம் கிழிந்தால்தான் மருந்து பாசிக்குள் இறங்கும்.

2. பி.ஹெச். அளவு 7.2 முதல் 7.6-க்குள் இருக்கட்டும். கூடினால் குளோரினின் வீரியம் குறையும்.

3. பொழுது சாய்ந்ததும் குளோரின் போடுங்கள். பகலில் வெயிலே அதை அழித்துவிடும். ஆசிட்டுடன் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்!

4. இரவு முழுக்க ஃபில்டர் ஓடட்டும். செத்து வெளுத்த பாசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஃபில்டரைக் கழுவுங்கள்.

குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். அளவுக்கு இறங்கி, தரை தெளிவாகத் தெரிந்த பிறகே பிள்ளைகளை இறக்குங்கள். அடி தெரியாத தண்ணீரில் குழந்தை மூழ்கினாலும் கண்ணுக்குத் தெரியாது.