குரலில் வாழும் குட்டி நாகம்

நாகம் பேசும் படம் என்றால் பிள்ளைகள் தொலைக்காட்சியை விட்டு நகரமாட்டார்கள். பெரியவர்களோ, "கிராபிக்ஸ் எப்படி?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வியை மட்டும் வைத்துப் பார்த்தால் 'டிராகன்ஹார்ட்: எ நியூ பிகினிங்' தேறாது. பத்து நிமிடத்தில் நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். (டிராகனுக்கு மலாயில் 'நாகா' என்று பெயர். நானும் நாகம் என்றே சொல்கிறேன்.)

முதல் படமான 'டிராகன்ஹார்ட்' 1996இல் வந்தது. செலவு சுமார் 5.7 கோடி அமெரிக்க டாலர். டிரேக்கோ என்ற நாகத்துக்குக் குரல் கொடுத்தவர் ஷான் கானரி. அவருடைய பழைய படங்களிலிருந்து முகபாவங்களைத் தொகுத்துப் பார்த்தே நாகத்தின் முகத்தை அசைத்தார்கள். காட்சி நுட்பத்துக்காக ஆஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது. 2000இல் வந்த இரண்டாம் பாகத்துக்கு அந்த வசதி இல்லை. டக் லெஃப்லர் இயக்கிய அந்தப் படம் நேராக வீடியோவில் வெளியானது. நாகம் சில காட்சிகளில் பின்னணியோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும்.

கதை எளிமையானது. மடாலயத்தின் குதிரை லாயத்தில் வேலை செய்யும் அநாதைப் பையன் ஜெஃப். வீரனாக வேண்டும் என்பது அவன் கனவு. அங்கே மறைத்து வளர்க்கப்படும் குட்டி நாகம் டிரேக்கை அவன் கண்டுபிடிக்கிறான். நெருப்பு உமிழவும் பறக்கவும் டிரேக்குக்குத் தெரியாது, சொல்லித்தரத் தன் இனத்தார் யாரும் அருகில் இல்லை. தாய் தகப்பன் இல்லாத பையனே அதற்கு ஆசானாகிறான்.

இந்தத் தனிமையை டிரேக்கின் குரல்தான் நமக்குக் கொண்டுவருகிறது. குரல் கொடுத்தவர் ராபி பென்சன். 1991இல் டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்தில் மிருகமாக உறுமியவரும் இவரே. அதே மனிதர் இங்கே பயத்தையும் ஆசையையும் மறைக்கத் தெரியாத ஒரு பிள்ளையாகப் பேசுகிறார். வானொலியில் எங்களுக்கு முகம் கிடையாது. மூச்சை எங்கே விடுகிறோம், எந்தச் சொல்லுக்கு முன் தயங்குகிறோம் என்பதை வைத்துத்தான் நேயர் எங்களை நம்புகிறார். டிரேக் பேசும்போது ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கேளுங்கள். ஒட்டாத கிராபிக்ஸ் மறந்துபோகும்.

அடுத்தடுத்த பாகங்களும் குரலை நம்பியே வந்தன. 2015இல் பென் கிங்ஸ்லி, 2017இல் பேட்ரிக் ஸ்டூவர்ட், 2020இல் ஹெலனா பான்ஹம் கார்ட்டர் என நாகத்துக்குப் பெரிய நடிகர்களைப் பேச வைத்தார்கள்.

ஜொகூர் வீடுகளில் பேசுவதற்கு இன்னொன்றும் உண்டு. வால் இரண்டுள்ள வால்நட்சத்திரம் தோன்றும்போது நாகத்தின் இதயத்தால் மனித குலத்துக்குக் கேடு வரும் என்ற ஆரூடத்தை அறிந்து, சீனாவிலிருந்து இருவர் வருகிறார்கள். ஆனால் ஜொகூர் பாரு பழைய சீனக் கோவிலின் சிங்கே ஊர்வலத்தில் நாக நடனம் பார்த்த பிள்ளைக்கு நாகம் மங்கலத்தின் அடையாளம். "நம் ஊரில் நல்ல நாகம், படத்தில் மட்டும் ஏன் பயப்படுகிறார்கள்?" என்று பிள்ளை கேட்டால், அங்கேயே நிறுத்திப் பேசலாம். படம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, அவசரமில்லை.

கையில் கேமராவோடு குறும்படம் எடுக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் போதாது என்று மாயக்கதைகளைத் தள்ளிவைக்காதீர்கள். நாகத்தின் செதிலுக்குச் செலவழிக்க முடியாவிட்டால் அதை இருட்டில் நிறுத்துங்கள். நல்ல மைக் ஒன்றை வாங்கி, நல்ல குரல் ஒன்றைத் தேடுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பேசும் தமிழில் ஒரு நாகம், "எனக்குப் பறக்கத் தெரியாது, சொல்லித் தருவியா?" என்று கேட்கட்டும். முழு உருவத்தையும் பிள்ளைகளே கற்பனை செய்துகொள்வார்கள்.