தட்டெழுத்தில் விரைவு

டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து ஆகிய இரு சான்றிதழ்களுடன் பம்பாய்க்கும் தில்லிக்கும் ரயிலேறியவர்கள் நம் மூத்தோரில் பலர். இயந்திரம் மாறிக் கணிப்பொறி வந்துவிட்டது. கலைக்கு மட்டும் இன்றும் மதிப்புண்டு. மத்திய அரசின் எழுத்தர் பதவிகளுக்கு ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் நடத்தும் தட்டெழுத்துத் தேர்வில், நிமிஷத்துக்கு ஆங்கிலமாயின் 35 சொற்களும் ஹிந்தியாயின் 30 சொற்களும் அடித்தல் வேண்டும். ஏனைய தாள்களில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவரும் இங்கே தவறினால் அப்பதவி கிட்டாது.

ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டல்கள் என்பது கணக்கு; இடைவெளியும் ஒரு தட்டலே. ஆகவே ஆங்கிலத்துக்குப் பத்து நிமிஷத்தில் 1,750 தட்டல்கள். நம் இளைஞர்களோ ஒரே நிமிஷம் அடித்துப் பார்த்து, ஐம்பது வந்ததென மகிழ்கிறார்கள்! தேர்வு நடப்பது பத்து நிமிஷம். பாதியிலேயே விரல் தளரும், கண் வரி தவறும். பத்து நிமிஷமும் அடித்துப் பெறுவதையே நாம் வேகமென ஒப்புவோம்.

பிழைதான் விரைவின் பெரும்பகை. தவறாக ஒன்று, அழிக்க ஒன்று, திருத்தி ஒன்று என ஓரெழுத்துக்கு மூன்று தட்டல்கள் செலவாகின்றன. எனவே பிழை வராத அளவுக்கு வேகத்தைக் குறைத்துச் சில வாரங்கள் பழகுதல் நலம். எஃப், ஜே விசைகளின் மேலுள்ள சிறு மேட்டைச் சுட்டுவிரல்கள் தாமே கண்டுகொள்ளும்; கண் தாளிலேயே இருக்கட்டும். சுண்டுவிரலைச் சோம்பவிடலாகாது.

மடிக்கணினியில் மட்டும் பழகியவருக்கு மேஜைக் கணிப்பொறியின் விசைகள் ஆழமாகத் தோன்றும். தேர்வுக்கு முன் சில நாட்களேனும் அதில் அமர்ந்து அடித்துப் பார்க்க வேண்டும்.