நித்திரையின்மையும் அமுக்கிராக் கிழங்கும்

கமக்காரர்களே,

பெரும்போக நெற்பயிர் கதிர் தள்ளியது முதல் அரிவு முடியும்வரை யானைக்கும் பன்றிக்கும் இரவுக் காவல் இருப்பது வன்னியிலும் படுவான்கரையிலும் உங்களுக்குப் பழகிய வேலையே. நெல்லை அரிந்து, சூடடித்து, மூட்டை கட்டியதும் காவல் முடிந்துவிடுகிறது. ஆயின் பலருக்கு நித்திரை மட்டும் திரும்புவதில்லை. சாமக்கோழி கூவும்வரை பாயிற் புரண்டவர், மறுநாட் பகலில் உழவு இயந்திரத்தின் மேலிருந்து கண்ணயர்கிறார். இதனாற் கையையோ காலையோ இழக்க நேருமாதலால் இதனைச் சிறு குறையென்று தள்ளிவிடலாகாது. இத்தகையோர் எம்மிடம் வந்து, நித்திரைக்கு நல்ல மூலிகை எது என்று கேட்கிறார்கள். அதற்கு விடை கூறுமுன் நாம் அவர்களைக் கேட்க வேண்டியது ஒன்றுண்டு.

பரணில் விழித்திருப்பதற்காகப் பழகிய தேநீரையும் வெற்றிலை பாக்கையும் காவல் முடிந்த பின்னர் நிறுத்தினீர்களா? தேயிலையில் உள்ள கபீன் என்னும் பொருளிற் பாதியளவு, அருந்தி ஐந்து அல்லது ஆறு மணி நேரம் சென்ற பின்னரும் தேகத்தில் தங்கியிருக்கும். பாக்கும் விழிப்பைத் தருவதே. மாலை நான்கு மணிக்குப் பின் இவ்விரண்டையும் விலக்கி, பகல் நித்திரையை அரை மணி நேரத்துக்கு மேற் போகாது குறைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுந்துவந்தால் இரண்டொரு வாரத்திற் பலருக்குப் பழைய நித்திரை வந்துவிடும், மூலிகையே வேண்டியிராது. சாராயம் நித்திரை தரும் என்பது வீண் நம்பிக்கை. அது கண்ணை மூடச் செய்து நடுச்சாமத்தில் எழுப்பிவிடும். பூச்சிநாசினி தெளித்த நாள்களில் நித்திரை குழம்புவதையும் சிலர் கண்டிருப்பீர்கள். சில நாசினிகள் நரம்புகளைத் தாக்குவனவாதலால், தெளித்தவுடன் சவர்க்காரமிட்டுக் குளித்து உடையை மாற்றுதல் இன்றியமையாதது.

மூலிகைக்கு உட்படாத நித்திரையின்மையும் உண்டு. விடியுமுன் மூன்று மணிக்கே விழிப்பு வருதல், உணவில் வெறுப்பு, கடன் அல்லது பயிரழிவு பற்றிய ஓயாத நினைவு, வாழ்வில் நம்பிக்கை இழத்தல் ஆகியவை இரு வாரத்துக்கு மேல் நீடிப்பின் அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 1926 என்னும் இலக்கத்திற் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவையையும் நாடலாம். வீட்டில் ஒருவர் இந்நிலையில் இருப்பாராயின் பூச்சிநாசினிகளையும் களைநாசினிகளையும் பூட்டித் திறப்பை வேறொருவர் வைத்திருக்க வேண்டும். இதிற் கூச்சம் கொள்வதற்கு எதுவுமில்லை.

இனி மூலிகைகள். முதலில், நெருங்கக்கூடாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஊமத்தை நித்திரை தருவதன்று. அறிவை மயக்கிப் பிதற்றச் செய்து உயிரையும் பறிக்கவல்ல நஞ்சு. சர்ப்பகந்தியின் வேர் பழைய வைத்தியத்திற் பெயர்பெற்றது. அதிலிருந்து 1952ஆம் ஆண்டிற் பிரித்தெடுக்கப்பட்ட றெசர்ப்பின் என்னும் பொருள் இரத்த அழுத்தத்துக்கு மருந்தாகப் பயன்பட்டது. ஆயின் அது அழுத்தத்தை மிகத் தாழ்த்துவதோடு, சிலரிடம் மனச்சோர்வையும் உண்டாக்கும். வைத்தியர் கையிலன்றி உங்கள் கையில் அது இருக்கலாகாது.

சாதிக்காய் எல்லா அடுப்படியிலும் இருப்பதால் அதனைப் பற்றி அச்சம் ஒருவருக்கும் இல்லை. கல்லில் உரைத்த ஒரு சிட்டிகையைப் பாலிற் கலந்து அருந்துவது நம் வீடுகளின் வழக்கம், அதனாற் கேடில்லை. எனது பிரிவில் ஒருவர், சிட்டிகைக்குப் பலன் தெரியவில்லையென்று ஒரு முழுக்காயையும் இடித்து ஒரே இரவில் உண்டுவிட்டார். நெஞ்சு படபடத்து, வாய் வறண்டு, இல்லாத உருவங்களைக் கண்டு மறுநாள் முழுவதும் வைத்தியசாலையிற் கிடந்தார். சாதிக்காயின் வேகம் தெரியச் சில மணி நேரம் செல்லும். அதற்குள் பலனில்லையென்று எண்ணி மேலும் உண்பதே கேட்டுக்குக் காரணம். ஒரு காயின் நிறையாகிய 5 கிராமே நஞ்சாவதற்குப் போதுமானது.

வீட்டு வளவில் வளர்த்துப் பயன்பெறத் தக்கது அமுக்கிரா. வேரிற் குதிரையின் வாடை வீசுவதால் வடமொழியில் அசுவகந்தம் எனப் பெயர் பெற்றது. தாவரவியலார் இட்ட பெயரில் வரும் சொம்னிபெரா என்னும் இலத்தீன் சொல்லோ நித்திரை தருவது எனப் பொருள்படும். அண்மைக்கால ஆராய்ச்சிகளிலும் இதனை உண்டோரின் நித்திரை ஓரளவு திருந்தக் காணப்பட்டது. ஓரளவு என்பதைக் கவனிக்க. உண்ட இரவிலேயே கண்ணை மூடச் செய்யும் மருந்தன்று இது; சில வாரங்கள் சென்ற பின்னரே பலன் புலப்படும்.

உலர்ந்த கிழங்கை இடித்து அரித்து, மாவைப் பாலில் விரவி, பிட்டு அவிப்பது போல ஆவியில் அவித்து, வெயிலில் உலர்த்தி மீண்டும் பொடிப்பது சித்த வைத்தியர்களின் சுத்தி முறை. இரவு உணவுக்குப் பின் அரைத் தேக்கரண்டிப் பொடியை இளஞ்சூடான பாலில் அருந்தத் தொடங்கலாம். தட்டையாக ஒரு தேக்கரண்டிக்கு மேற் போகவேண்டாம்; மூன்று மாதத்துக்கு மேல் விடாது உண்ணவும் வேண்டாம். கிழங்கு மட்டுமே உண்ணத் தக்கது. செந்நிறப் பழங்களைப் பிள்ளைகள் வாயிலிடாது பார்த்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதனை உண்ணலாகாது. தைரொயிட்டுச் சுரப்பி நோயுடையோர், ஈரல் நோயுடையோர், நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ நித்திரைக்கோ மாத்திரை எடுப்போர் வைத்தியரைக் கேளாமல் தொடவேண்டாம். அரிதாகச் சிலருக்கு இது ஈரலைத் தாக்கியதுண்டு. கண் மஞ்சளித்தால், அல்லது சிறுநீர் தேயிலைச் சாயம்போற் கறுத்தால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்லவும். டென்மார்க் நாடு 2023இல் அமுக்கிரா சேர்ந்த பொருள்களைத் தடைசெய்தது. மரக்கறி போல எண்ணி உண்ணத்தக்க பொருளன்று இது.

செய்கை கடினமன்று. நீர் தேங்காத மணற்பாங்கான நிலம் வேண்டும். களிநிலத்தில் வேர் அழுகும். ஆகவே மாரியின் கடுமழையில் நடாது, மார்கழியில் மேடையில் விதையை மணலோடு கலந்து மெல்லத் தூவி, ஐந்து வாரம் சென்ற நாற்றுகளைத் தை மாதத்தில் நடுவது நன்று. வரிசைக்கு வரிசை 2 அடியும் செடிக்குச் செடி 1 அடியும் இடைவெளி விடுக. மக்கிய எரு சிறிதளவு போதும். வேர்பிடிக்கும் வரை அடிக்கடி நீர் ஊற்றி, பின்னர் மண் நன்கு காய்ந்த பின் மட்டும் இறைக்கவும். நீரை அள்ளி ஊற்றிச் செடியைக் கெடுப்பவர்களே அதிகம்.

ஐந்து முதல் ஆறு மாதத்தில் இலை காய்ந்து, பழம் சிவக்கும். அப்போது மண்ணை முதல்நாள் நனைத்துவிட்டு, வேர் அறாமல் அகழ்ந்து, கழுவி, 3 அல்லது 4 அங்குலத் துண்டுகளாக வெட்டி உலர்த்துக. முறித்தால் ஓசையுடன் முறியும் பக்குவம் வந்தபின் மூடியுள்ள போத்தலில் இட்டு வைக்கலாம். நன்கு முற்றிய பழங்களைப் பிசைந்து கழுவி விதையை நிழலில் உலர்த்தினால் அடுத்த மார்கழிக்கு விதை கைவசம் இருக்கும்.